காப்புரிமையும் மருந்து விலையும்: முதல்முறை படிப்பவர்களுக்கு

உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. 'சர்வதேசக் காப்புரிமை பெற்றார்' என்று செய்தியில் படிக்கும்போது அப்படி ஏதோ இருப்பதுபோலத் தோன்றும். ஜெனீவாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் வழியாக ஒரே விண்ணப்பத்தைப் போட்டுப் பல நாடுகளில் வரிசையில் இடம் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். கொடுப்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைப் பார்த்துத் தனியாகவே முடிவு செய்கிறது. அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த மருந்துக்கு இந்தியாவில் மறுக்கலாம். மறுத்தும் இருக்கிறார்கள். அந்த வழக்கு தொடங்கியதே சென்னையில்தான். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மருந்து விலை பற்றிப் பேச்சு வந்தாலே, "அது சர்வதேச விதி, நாம என்ன பண்ண முடியும்" என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். விதி இருப்பது உண்மை. ஆனால் அந்த விதிக்குள்ளேயே நாடுகளுக்கு நிறைய இடம் விடப்பட்டிருக்கிறது. எந்த நாடு அந்த இடத்தைப் பயன்படுத்தியது, எந்த நாடு தயங்கி நின்றது என்பதைப் பொறுத்துத்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் பல மருந்துகளின் விலை தீர்மானமாகியிருக்கிறது.

காப்புரிமை எதைத் தருகிறது?

மற்றவர்களைத் தடுக்கும் உரிமையைத் தருகிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் விவரம் முழுவதையும் அரசிடம் எழுதிக் கொடுக்கிறார். அந்த விவரம் பொதுவில் வெளியாகிறது. பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அவர் அனுமதியில்லாமல் அதைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அப்படி வேறு நிறுவனங்கள் அதே மூலக்கூறை வைத்துத் தயாரிப்பதைத்தான் ஜெனரிக் மருந்து என்கிறோம்.

மருந்துத் துறை காப்புரிமையை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளக் காரணம் எளிது. ஒரு மூலக்கூறைத் தேடிக் கண்டுபிடித்து, விலங்குகளிடமும் மனிதர்களிடமும் சோதித்து, அனுமதி வாங்கும்வரை பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகின்றன. பாதி வழியில் தோற்றுப்போகும் மூலக்கூறுகள்தான் அதிகம். ஆனால் மாத்திரை ஒருமுறை வெளிவந்துவிட்டால், நல்ல வேதியியலாளர் ஒருவரால் அதைத் திரும்பச் செய்துவிட முடியும். செய்வதற்கு ஆகும் செலவும் பெரும்பாலும் குறைவு. எனவே, தடுக்கும் உரிமை இல்லாவிட்டால் யார் ஆராய்ச்சியில் பணம் போடுவார்கள் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. போட்டியே இல்லாதபோது விலைக்கும் தயாரிப்புச் செலவுக்கும் தொடர்பு அற்றுவிடுகிறது. வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்பதே விலையாகிறது. டிவி விலை அதிகமென்றால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேவைப்படுபவரால் காத்திருக்க முடியாது. அமெரிக்காவில் இருப்பவருக்குக் காப்பீடு கொடுத்துவிடும் என்று வைத்த விலையை ஆப்பிரிக்காவின் ஏழை நாடான மலாவியில் இருப்பவரிடமும் கேட்டால் என்ன ஆகும்? அங்கே மருந்து விற்காது, அவ்வளவுதான். நிறுவனத்துக்கு அதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

நடுவே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பாராசிட்டமால், மெட்ஃபார்மின் போன்றவற்றுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றில் ஒரே மருந்து ஒரு பிராண்டில் ஒரு விலைக்கும், மக்கள் மருந்தகத்தில் வேறு விலைக்கும் கிடைப்பது பிராண்ட், கமிஷன், விளம்பரம் சம்பந்தப்பட்ட கதை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. காப்புரிமை கடிப்பது புற்றுநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, மருந்துக்கு அடங்காத காசநோய், அரிய மரபணு நோய்கள் போன்றவற்றுக்கான புதிய மருந்துகளில்தான்.

பொருளுக்கா, செய்முறைக்கா?

காப்புரிமை இரண்டு வகைப்படும். ஒன்று பொருளுக்கானது, மற்றது செய்முறைக்கானது. ரசத்தை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். புளியைக் கரைத்து ஒரு குறிப்பிட்ட விதத்தில் ரசம் வைக்கும் முறைக்கு ஒருவர் உரிமை வாங்கினால், நீங்கள் எலுமிச்சை பிழிந்து வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம். ரசத்துக்கே உரிமை வாங்கிவிட்டால் எப்படி வைத்தாலும் குற்றம்.

இந்தியா நீண்ட காலம் மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே கொடுத்தது. அதன் பின்னணியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகும் ஆங்கிலேயர் காலத்து 1911 சட்டமே நடைமுறையில் இருந்தது. அதை மாற்றியமைக்க ஆலோசனை சொல்லும்படி 1957-ல் நீதிபதி என்.ராஜகோபால ஐயங்காரிடம் மத்திய அரசு கேட்டது. 1959-ல் அவர் தந்த அறிக்கை இன்று படித்தாலும் கூர்மையாக இருக்கிறது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினர் கையில் இருந்தன. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் இங்கே உற்பத்திக்குப் பயன்படவே இல்லை. உற்பத்தி செய்யவும் மாட்டார்கள், மற்றவரைச் செய்யவும் விட மாட்டார்கள், இறக்குமதி செய்து சொன்ன விலைக்கு விற்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, மருந்து விலையை விசாரித்த அமெரிக்க செனட் சபையின் கெஃபாவர் குழுவே, ஆன்டிபயாடிக் மருந்துகளின் விலை உலகில் மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று பதிவு செய்தது.

ஐயங்கார் அறிக்கையின் அடிப்படையில் 1970-ல் காப்புரிமைச் சட்டம் வந்தது. 1972-ல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குப் பொருள் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். வெளிநாட்டு மருந்தை வேறு வழியில் தயாரிக்க முடிந்தவர் தாராளமாகத் தயாரிக்கலாம். ஹைதராபாதும் மும்பையும் அகமதாபாதும் மருந்து நகரங்களாக வளர்ந்ததில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

இதைத் திருட்டு என்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். ஆனால் மருந்து நிறுவனங்களுக்குப் பேர்போன ஸ்விட்சர்லாந்து மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமையைக் கொண்டுவந்ததே 1977-ல்தான். இத்தாலி 1978-ல், ஸ்பெயின் 1992-ல். தங்கள் தொழில் வளரும்வரை கதவைத் திறந்து வைத்திருந்துவிட்டு, வளர்ந்த பிறகு சாத்தியவர்கள் இவர்கள்.

டிரிப்ஸ்

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதன் உறுப்பினராக வேண்டுமென்றால் ஒப்பந்தங்கள் அடங்கிய ஒரு முழுக் கட்டையும் ஏற்க வேண்டும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது. அந்தக் கட்டில் ஒன்றுதான் டிரிப்ஸ் எனப்படும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம். எல்லாத் தொழில்நுட்பத் துறைகளிலும், மருந்து உட்பட, பொருளுக்கும் செய்முறைக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை தரவேண்டும் என்றது அது.

காப்புரிமை விஷயம் ஏன் வர்த்தக ஒப்பந்தத்துக்குள் வந்தது? வர்த்தக அமைப்பிடம் தண்டிக்கும் வழி இருக்கிறது என்பதால். மருந்து விதியை மீறும் நாட்டின் துணி ஏற்றுமதிமீது வரி போட்டுப் பழிவாங்கலாம். அமெரிக்க மருந்து, மென்பொருள், திரைப்பட நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக் காலம் முழுவதும் கேட்டது இந்தப் பல்லைத்தான்.

ஆனால் வளரும் நாடுகளும் சும்மா இருந்துவிடவில்லை. அவகாசம் வாங்கினார்கள். இதுவரை பொருள் காப்புரிமை தராத இந்தியா போன்ற நாடுகளுக்கு 2005 வரை நேரம் கிடைத்தது. மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு மருந்து விஷயத்தில் அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, இப்போது 2033 வரை ஓடுகிறது. வங்கதேசம் புதிய மருந்துகளைக்கூடத் தானே தயாரிக்க முடிந்தது இந்தச் சலுகையால்தான். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு நாடு முன்னேறி வெளியே வரும் நாளில் சலுகையும் போய்விடும்.

அவகாசத்தைவிட முக்கியமாக, ஒப்பந்தத்தில் சில கதவுகளும் வைக்கப்பட்டன. 'புதியது', 'கண்டுபிடிப்பு' என்பவற்றுக்கு டிரிப்ஸ் வரையறை தரவில்லை. அதை ஒவ்வொரு நாடும் தீர்மானித்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் காப்புரிமை உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவருக்குத் தயாரிக்க அனுமதி தரலாம். இதன் பெயர் கட்டாய உரிமம். உரிமையாளருக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, கிடைக்கும்; தடுக்கும் உரிமை மட்டும் போய்விடும். ஒரு நிறுவனம் தன் மருந்தை வேறொரு நாட்டில் மலிவாக விற்றால் அங்கே வாங்கி இங்கே கொண்டுவரவும் அனுமதிக்கலாம். இது இணை இறக்குமதி. இவை ஓட்டைகள் அல்ல. எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகங்கள்.

எச்.ஐ.வி. கற்றுக்கொடுத்தது

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எய்ட்ஸ் நோயாளிகள் மரணத்தின் விளிம்பிலிருந்து எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்பது 1996-ல் உறுதியானது. ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுச் செலவு 10,000 முதல் 15,000 டாலர். அப்போது நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் மண்டேலா அரசு 1997-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மலிவான இடத்திலிருந்து மருந்தை வாங்கிவரவும், பிராண்டுக்குப் பதில் ஜெனரிக் கொடுக்கவும் அது வழி செய்தது. டிரிப்ஸ் அனுமதிக்கும் விஷயங்கள்தான். ஆனாலும் 39 மருந்து நிறுவனங்கள் 1998-ல் வழக்குப் போட்டன. வழக்கின் எதிர்மனுதாரர் பட்டியலில் நெல்சன் மண்டேலாவின் பெயரும் இருந்தது. இதைவிட மோசமான விளம்பரத்தை ஒரு தொழில்துறை தனக்குத் தானே தேடிக்கொண்டிருக்க முடியாது. மூன்று ஆண்டுகள் சட்டம் முடங்கிக் கிடந்தது. நோயாளிகள் அமைப்பான ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பைன் வழக்கில் சேர்ந்துகொண்டது. உலகெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அதே 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகளையும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அதன் தலைவர் யூசுப் ஹமீத் சொன்னார். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. பத்தாயிரம் டாலர் விலை என்பது மாத்திரையின் விலையே இல்லை, தடுக்கும் உரிமையின் விலை என்பது அன்று உலகத்துக்கே வெட்டவெளிச்சமானது.

விலையோடு இன்னொன்றும் நடந்தது. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்று மருந்துகளும் மேற்கில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்தன. மூவரும் சம்மதித்தால் ஒழிய மூன்றையும் ஒரே மாத்திரையாக்க முடியாது. இந்தியாவில் பொருள் காப்புரிமை இல்லாததால் சிப்லா அதைச் செய்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கைப்பிடி மாத்திரைகளை மணி பார்த்து விழுங்க வேண்டியிருந்த இடத்தில், குளிர்பதன வசதி இல்லாத கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் கொடுக்கக்கூடிய சிகிச்சை வந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரலில் இலவச எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியபோது அதன் முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் இருந்தது. அது இயலக் காரணமும் இந்த மலிவு மாத்திரைகள்தான்.

2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் வர்த்தக அமைச்சர்கள் கூடினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமியைக் கடிதங்களில் வைத்து யாரோ அனுப்ப, பெரும் பீதி. அந்த நோய்க்கு மருந்தான சிப்ரோவின் காப்புரிமை பேயர் நிறுவனத்திடம் இருந்தது. விலையைக் குறைக்காவிட்டால் காப்புரிமையைத் தாண்டிப் போவோம் என்று அமெரிக்க அரசே மிரட்டியது, பேயர் குறைத்தது. அமெரிக்காவில் அப்போது இறந்தவர்கள் ஐந்து பேர். ஆப்பிரிக்க அமைச்சர்கள் தோஹாவுக்கு வந்தபோது அவர்களுக்கு எதிராக வாதாட வாஷிங்டனுக்கு முகம் இல்லாமல் போனது. பொது சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கையை டிரிப்ஸ் தடுக்கக் கூடாது என்று தோஹா பிரகடனம் அறிவித்தது. எந்தக் காரணத்துக்காகக் கட்டாய உரிமம் தரலாம் என்பதையும் நாடே முடிவு செய்யலாம். நெருக்கடி நிலை இருந்தால்தான் தர முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. நெருக்கடியில் ஒரு படி மிச்சமாகும்: உரிமையாளரிடம் முதலில் பேசிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற நேரங்களில் பேசிப் பார்த்துவிட்டுத் தரலாம்.

1602/எம்.ஏ.எஸ்./98

இது ஒரு விண்ணப்ப எண். எம்.ஏ.எஸ். என்றால் மெட்ராஸ், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயில்வே வைத்திருக்கும் அதே எழுத்துகள். 1998 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட மனு. மருந்து இமாடினிப் மெசிலேட், கிளிவெக் என்ற பெயரில் விற்பனையாவது. ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயைத் தினமும் மாத்திரை போட்டுச் சமாளிக்கும் நோயாக மாற்றிய மருந்து. மருத்துவ ரீதியில் அது பெரிய சாதனை என்பதில் சந்தேகமில்லை.

2005-க்கு முன் இப்படி வந்த மனுக்களைப் பரிசீலிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். 2005-ல் பெட்டியைத் திறந்தாக வேண்டும். சட்டத்தைத் திருத்தியபோது, அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகள் சில காப்புகளைக் கேட்டு வாங்கின. அவற்றில் பெயர்பெற்றது பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதாவது வேறு உப்பு (மூலக்கூறோடு ஓர் அமிலத்தையோ காரத்தையோ சேர்த்த வடிவம்), வேறு படிகம் போன்றவை, பழையதைவிடப் பலன் கூடுதலாகத் தந்தால் மட்டுமே காப்புரிமை பெறும் என்கிறது அது.

இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது? முதல் காப்புரிமை முடியும் நேரத்தில் அதே மருந்தின் உப்பை மாற்றி, படிக அமைப்பை மாற்றி, மாத்திரையை மெதுவாகக் கரையச் செய்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக 20 ஆண்டு வாங்குவது உலக வழக்கம். எவர்கிரீனிங் என்பார்கள். காப்புரிமைக் காலம் முடிவதே இல்லை.

நோவார்ட்டிஸ் இந்தியாவில் கேட்டது இமாடினிப் மூலக்கூறுக்கு அல்ல. அது 1993-லேயே வெளியில் தெரிந்துவிட்டது. அதன் மெசிலேட் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்குக் கேட்டது. இந்திய ஜெனரிக் நிறுவனங்களும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்தன. மருந்துக்கு நிறுவனம் வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய், ஜெனரிக் 8,000 முதல் 10,000 ரூபாய். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே தருவதாக நிறுவனம் சொன்னது. அப்படி ஒரு திட்டமும் இருந்தது. ஆனால் தானமாகக் கிடைப்பதும் கடையில் வாங்க முடிவதும் ஒன்றல்ல. தருபவர் நினைத்தால் நிறுத்திவிடலாம்.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிரிவு 3(டி)-யே அரசியலமைப்புக்கு விரோதமானது, டிரிப்ஸுக்கும் முரணானது என்றது. 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. டிரிப்ஸை மீறியதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை, அதற்கு உலக வர்த்தக அமைப்பில் தனி மன்றம் இருக்கிறது என்றது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்த மன்றத்துக்கு நிறுவனம் போக முடியாது, நாடுதான் போக முடியும். ஸ்விட்சர்லாந்து போகவில்லை. 3(டி)-க்காக இன்றுவரை எந்த நாடும் இந்தியாவை அங்கே இழுக்கவில்லை. ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் இழுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. நோவார்ட்டிஸ் முன்வைத்த முக்கியமான ஆதாரம், புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது. கூடுதலாகச் சேர்ந்தால் நோய் கூடுதலாகக் குணமாகிறதா என்று கேட்டது நீதிமன்றம். பலன் என்றால் சிகிச்சைப் பலன். அதற்கு ஆதாரம் இல்லை, மனு தள்ளுபடி. மருந்துக் காப்புரிமையே கூடாது என்று இந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை. உண்மையிலேயே புதிய மூலக்கூறுகளுக்கு 2005-லிருந்து இந்தியா காப்புரிமை தந்துகொண்டுதான் இருக்கிறது.

கட்டாய உரிமம்: ஒரே ஒரு முறை

அப்படி முறைப்படி காப்புரிமை கிடைத்த மருந்து ஒன்று, பேயரின் நெக்ஸாவர். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கானது. மாதச் செலவு 2,80,428 ரூபாய். ஹைதராபாதின் நாட்கோ நிறுவனம் முதலில் பேயரிடம் உரிமம் கேட்டது, கிடைக்கவில்லை. காப்புரிமை தந்து மூன்று ஆண்டுகள் ஆனபிறகு கட்டாய உரிமத்துக்கு விண்ணப்பித்தது. மக்களின் தேவை நிறைவேறவில்லை, விலை எட்டாத உயரம், இந்தியாவில் அது தயாரிக்கப்படவும் இல்லை என்ற மூன்று காரணங்களையும் ஏற்று 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன் உரிமம் வழங்கினார். புதிய விலை 8,880 ரூபாய். பேயருக்கு 6 சதவீத ராயல்டி. மேல்முறையீட்டில் அது 7 ஆனது.

இந்தியா இதுவரை கொடுத்த கட்டாய உரிமம் அந்த ஒன்றுதான். பிறகு வந்த மனுக்கள் தள்ளுபடியாகின. ஏன் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை, அரசியலில் இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமையைச் சரியாகக் காக்கவில்லை என்று தான் கருதும் நாடுகளின் 'கண்காணிப்புப் பட்டியல்' ஒன்றை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இந்தியா அதில் நிரந்தர உறுப்பினர்போல இருக்கிறது. தாய்லாந்து 2006, 2007-ல் எச்.ஐ.வி., இதய நோய் மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் தந்தபோது அந்தப் பட்டியலில் மேலே ஏற்றப்பட்டது. அபாட் நிறுவனம் அங்கே பதிவுக்குக் கொடுத்திருந்த புதிய மருந்துகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தாய்லாந்து எந்த விதியையும் மீறவில்லை. உரிமையைப் பயன்படுத்தியதற்கே இந்த நிலை என்றால், சின்ன நாடுகள் முயன்று பார்க்குமா?

தானே தயாரிக்கத் தெரியாத நாடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டாய உரிமத்தில் தயாரிப்பது பெருமளவு உள்நாட்டுச் சந்தைக்கே என்கிறது டிரிப்ஸ். அப்படியானால் ருவாண்டாவுக்கு யார் தயாரித்துத் தருவார்கள்? இதற்காக 2003-ல் ஒரு தனி ஏற்றுமதி வழியை உருவாக்கினார்கள். கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் அதன்படி ருவாண்டாவுக்கு எச்.ஐ.வி. மருந்து அனுப்பியது. பல ஆண்டு காகித வேலைக்குப் பிறகு முதல் சரக்கு போய்ச் சேர்ந்தது 2008-ல். இனி இந்த வழியில் வரமாட்டோம் என்கிற அளவுக்கு நிறுவனம் நொந்துபோனது. அதற்குப் பிறகு வேறு யாரும் அந்த வழியாக மருந்தை முழுமையாகக் கொண்டுசேர்க்கவில்லை. ஆனாலும் 2017-ல் அதை ஒப்பந்தத்தின் நிரந்தரப் பகுதியாக்கிவிட்டார்கள்.

நிறுவனங்களும் பாடம் கற்றுக்கொண்டன. ஹெபடைடிஸ் சி-யைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், முழுச் சிகிச்சை 84,000 டாலர் என்று 2013-ல் வந்தது. கிலியட் நிறுவனம் அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்களை அழைத்துத் தானாகவே உரிமம் கொடுத்தது. 91 நாடுகளுக்கு விற்கலாம் என்று ஒரு பட்டியலும் கொடுத்தது. இந்திய நோயாளிகளுக்கு இது நன்மைதான். ஆனால் யார் மலிவாகப் பெறலாம், யார் பெறக் கூடாது என்ற முடிவு அரசுகளிடமிருந்து நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. பட்டியலில் விடுபட்ட மலேசியா 2017-ல் தன் அரசு மருத்துவமனைகளுக்காகக் காப்புரிமையைத் தாண்டி மருந்து வாங்க முடிவு செய்தது. அதை ஒட்டியே கிலியட்டின் பட்டியலிலும் மலேசியாவின் பெயர் ஏறியது. கட்டாய உரிமம் என்ற கம்பு மூலையில் சாத்தியிருந்தால்தான் தானாகத் தரும் உரிமமும் நல்லபடி வரும்.

கோவிட் காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் டிரிப்ஸ் விதிகளைத் தற்காலிகமாக நிறுத்தக் கேட்டன. 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் நீர்த்துப்போன வடிவில் கிடைத்தது. அதற்குள் உலகில் தடுப்பூசி உபரியாகிவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம்

இந்தியச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒரு காப்புரிமை வழங்கப்படும் முன்பே அதை எதிர்த்து மனு போடலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. 'எந்த நபரும்' என்கிறது சட்டம்.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுவிலின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தினுடையது. அது வருவதற்கு முன் அந்த நோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போடுவார்கள், அதில் பலருக்குக் காது கேட்காமல் போகும். மும்பையின் நந்திதா வெங்கடேசனுக்கும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவுக்கும் அப்படித்தான் போனது. முதல் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. நிறுவனம் அதன் உப்பு வடிவத்துக்குத் தனியாக விண்ணப்பித்திருந்தது. கிடைத்திருந்தால் 2027 வரை நீண்டிருக்கும். இவர்கள் இருவரும் 2019-ல் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலை முடிந்ததும் இந்திய நிறுவனங்கள் ஜெனரிக் தயாரிக்கத் தடை நீங்கியது.

2024 மார்ச்சில் மத்திய அரசு காப்புரிமை விதிகளைத் திருத்தியது. இப்போது முன்கூட்டிய எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஆண்டுதோறும் தர வேண்டியிருந்த அறிக்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. நாட்கோ வழக்கில் பேயருக்கு எதிராக வந்து நின்றது அந்த அறிக்கையில் இருந்த எண்ணிக்கைகள்தான். இந்தத் திருத்தங்களைச் செய்யச் சொல்லி டிரிப்ஸ் கேட்கவில்லை.